தவறிய மூன்றாவது ஊசி: ஓர் எலும்புப்புரை நிகழ்வு ஆய்வு

2024 தைப்பொங்கல் முடிந்து நான்காம் நாள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்தில் உள்ள என் சிகிச்சை நிலையத்துக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்க மறுத்தார். “நிற்பது பரவாயில்லை, தம்பி. இருந்துவிட்டு எழும்புவதுதான் உயிர் போகிறது” என்றார். வயது 66. ஊரில் எல்லோரும் அழைப்பதுபோல நானும் ரீச்சர் என்றே எழுதுகிறேன். இதை எழுதச் சம்மதம் தந்தவரும் அவரே. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பொங்கலன்று முற்றத்து அடுப்பிலிருந்து பானையை இறக்கக் குனிந்திருக்கிறார். இரண்டு சுண்டு அரிசி போட்ட பானை; பாரம் என்று சொல்ல முடியாது. நிமிரும்போது நடுமுதுகுக்குக் கீழே சுள்ளென்று ஒரு வலி. அன்று தொடங்கியது இன்னும் விடவில்லை. வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். “பிரஷர் குளிசை மட்டும்தான்” என்றார்.

தசைப்பிடிப்பு என்று முடிவு செய்தேன். வலிநிவாரணிக் குளிசையும் பூச ஒரு களிம்பும் கொடுத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னேன். அது என் பிழை. 66 வயதுப் பெண், முன்பு ஒருமுறை மணிக்கட்டு முறிந்தவர், பாரம் தூக்காமலே முதுகில் திடீர் வலி. இந்த மூன்றையும் பதிவட்டையில் ஒரே வரியாக எழுதியிருந்தால் என் கையே எக்ஸ்றேக் கடிதத்தை எழுதியிருக்கும். மணிக்கட்டு முறிந்த கதையை நான் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்து ஓட்டோவின் பின் இருக்கையில் சரிந்து படுத்தபடி வந்தார். தங்கை கூட வந்திருந்தார். வலி இப்போது இரண்டு இடத்தில். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன்: சேலையின் கரை நிலத்தில் இழுபட்டது. “இப்போதெல்லாம் எந்தச் சேலையும் நீளமாகத்தான் இருக்கிறது, இடுப்பில் கூடச் செருக வேண்டியிருக்கிறது” என்றார் தங்கை. சேலை நீளவில்லை. சுவரோடு நிறுத்தி அளந்தேன்: உயரம் 147 சென்ரிமீற்றர். கைகளை விரிக்கச் சொல்லி விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை அளந்தேன்: 153. இளவயதில் இந்த இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். கை நீளம் வயதோடு குறைவதில்லை, முதுகுதான் குறைகிறது.

எக்ஸ்றேயில் மூன்று முள்ளென்புகள் நசுங்கியிருந்தன. மார்புப் பகுதியின் 12ஆவது, இடுப்புப் பகுதியின் 1ஆவது, 3ஆவது. பக்கவாட்டுப் படத்தில் இடுப்பின் முதல் எலும்பு, முன்புறம் மிதிபட்ட தீப்பெட்டிபோல ஆப்பு வடிவில் இருந்தது.

எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய் எலும்புப்புரை; அது உள்ளவருக்கு முள்ளென்பு நசுங்குவது புதிதல்ல. அப்படி நசுங்குபவற்றில் மூன்றில் இரண்டு பங்கு யாருடைய கவனத்துக்கும் வராமலே போகிறது. வயது போனால் முதுகு வளையும் என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். ஆனால் சில வாரங்களுக்குள் மூன்று என்றால் வேறு ஏதோ இருக்க வேண்டும். முதலில் பயந்தது புற்றுநோய்க்கு, குறிப்பாக எலும்பு மச்சையில் வரும் மயலோமாவுக்கு. குருதியில் ஈஎஸ்ஆர், கல்சியம், சிறுநீரகம், தைரொயிட், புரதப் பகுப்பு எல்லாம் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தன. விற்றமின் டி மட்டும் மில்லிலீற்றருக்கு 16 நனோகிராம், குறைவு. வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இது எப்படி என்று கேட்பவர்கள், காலை பத்து மணிக்குப் பிறகு குடையில்லாமல் வெளியே வரும் ரீச்சர் ஒருவரைக் காட்டட்டும்.

பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். “கனடாவில் இருந்தபோது ஏதாவது ஊசி போட்டார்களா?”

தங்கை கைத்தொலைபேசியில், கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் ரீச்சரின் மகளை அழைத்தார். அங்கே இரவு. மகள் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த அட்டையைக் கமெராவுக்கு முன் பிடித்தார். எலும்புப்புரைக்குப் போடும் டெனோசுமாப், 60 மில்லிகிராம். முதல் ஊசி 2022 ஒக்ரோபர். இரண்டாவது 2023 ஏப்ரல். மூன்றாவதுக்கு 2023 ஒக்ரோபரில் ஒரு திகதி எழுதி, அதைச் சுற்றி வட்டமும் போட்டிருந்தது. அந்தத் திகதியில் ரீச்சர் சுன்னாகத்தில் இருந்தார். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை.

“அது மருந்தா? மகள் கூட்டிக்கொண்டுபோய்ப் போட்டது. வலித்ததற்குப் போட்டதில்லையே” என்றார் ரீச்சர். நியாயமான பேச்சுத்தான். வலி இல்லாத நோய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றில் போடும் சிறு ஊசி, குளிசைப் பட்டியலில் எப்படி வரும்?

மடை திறந்தபோது

எலும்பு ஒரு முறை கட்டிவிட்ட சுவர் அல்ல. ஒரு வகைக் கலங்கள் பழைய எலும்பை அரித்துக்கொண்டே இருக்கின்றன, இன்னொரு வகை அந்தக் குழியை நிரப்பிக்கொண்டே இருக்கிறது. அரிக்கும் கலங்களை ஈஸ்திரசன் ஓமோன் அடக்கி வைத்திருக்கும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் அந்தப் பிடி தளர்கிறது. இழப்பு மிக வேகமாக நடப்பது கடைசி மாதவிடாய்க்கு ஓராண்டு முன் தொடங்கி அதற்குப் பின் இரண்டாண்டுவரை என்று அமெரிக்காவில் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு காட்டியது. பெண்கள் உடம்பு சூடேறுகிறது, தூக்கம் வரவில்லை என்று சொல்லும் அதே மாதங்களில் எலும்பு சத்தமில்லாமல் போகிறது.

அரிக்கும் கலங்கள் உருவாவதற்கு ஒரு புரதச் சமிக்ஞை வேண்டும். டெனோசுமாப் அந்தச் சமிக்ஞையைப் பிடித்து வைக்கும் எதிர்ப்புரதம். 2009இல் வெளியான 7,868 பெண்களின் பரிசோதனையில் மூன்று ஆண்டுகளில் முள்ளென்பு முறிவை 68 சதவீதமும் இடுப்பு முறிவை 40 சதவீதமும் குறைத்தது. நல்ல மருந்து. ஆனால் அது எலும்புக்குள் தங்குவதில்லை. ஆறு மாதம் கழிந்ததும் பிடி விடுகிறது. அதுவரை அணைபோட்ட தண்ணீர் மடை திறந்ததும் பாய்வதுபோல அரிப்பு பாய்கிறது, சிகிச்சைக்கு முன் இருந்ததைவிட வேகமாக.

இது ஏன் என்பதற்கு ஒரு விளக்கம் 2021இல் சிட்னி கார்வன் நிறுவனத்திலிருந்து வந்தது. அரிக்கும் பெருங்கலங்கள் வேலை முடிந்ததும் செத்துப்போகின்றன என்றுதான் நாங்கள் படித்தோம். உண்மையில் அவற்றில் பல துண்டுகளாகப் பிரிந்து, மச்சையில் காத்திருந்து, பிறகு மறுபடி ஒன்றாகச் சேர்கின்றன. எலிகளில் உயிருள்ள எலும்பைப் படம்பிடித்துக் கண்டது இது. மருந்தின் பிடியில் காத்திருந்த துண்டுகள் பிடி விட்டதும் கூட்டாகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை ரீச்சரின் எக்ஸ்றே எனக்குக் காட்டியது.

எண்களும் உண்டு. முதற் பரிசோதனையிலும் அதன் நீட்டிப்பிலும் ஊசியை நிறுத்தியவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்த கணக்கு 2018இல் வெளியானது. ஊசி போடும்போது 100 பேருக்கு ஆண்டுக்கு 1.2 ஆக இருந்த முள்ளென்பு முறிவு, நிறுத்திய பின் 7.1 ஆனது. இது மருந்தே போடாதவர்களின் அளவுக்கு ஏறியதுதான், அதற்கு மேல் பெரிதாக இல்லை. பயப்பட வேண்டியது அடுத்த எண்: முறிந்தவர்களில் 60.7 சதவீதத்தினருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முள்ளென்புகள் முறிந்தன. மருந்து போடாத கூட்டத்தில் அது 38.7 மட்டுமே. ரீச்சருக்குக் கடைசி ஊசிக்கு ஒன்பது மாதம் கழித்து வலி தொடங்கியது. காலக்கணக்கும் பொருந்துகிறது.

நான் வெளிப்படையாகச் சொல்ல விரும்புவது இதுதான்: டெனோசுமாப்பை எழுதும் வைத்தியர், அதை எப்படி நிறுத்துவது என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். நம் ஊரில் இதற்குத் தனி அவசரம் உண்டு. ஆறு மாதம் கனடா, ஆறு மாதம் யாழ்ப்பாணம், நடுவில் இலண்டனில் பேரப்பிள்ளையின் பிறந்தநாள் என்று வாழும் தாய்மாரின் தலைமுறை இது.

அதற்கு முந்தைய கதை

ரீச்சரின் எலும்பு 2023இல் தொடங்கியதல்ல. மகள் அனுப்பிய கனடா ஸ்கேன் அறிக்கையில், எலும்பின் அடர்த்தியை இளம் பெண்களின் அடர்த்தியோடு ஒப்பிடும் ரி-ஸ்கோர் இடுப்பு முள்ளென்பில் மைனஸ் 3.1, தொடை எலும்பின் கழுத்தில் மைனஸ் 2.6. பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனேன்.

2001இல், 44 வயதில், நார்க்கட்டிக்காகக் கருப்பையையும் இரண்டு சூலகங்களையும் அகற்றியிருக்கிறார்கள். மாதவிடாய் இயல்பாக நிற்க வேண்டிய வயதுக்குப் பல ஆண்டுகள் முன்பே ஒரே நாளில் ஈஸ்திரசன் நின்றுபோனது. ஓமோன் குளிசை எழுதிக் கொடுத்தார்கள்; சில மாதம் போட்டார்.  2002 யூலையில், ஓமோன் குளிசையைச் சோதித்த அமெரிக்காவின் பெரிய பெண்கள் நல ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்ட செய்தி உலகெல்லாம் பரவியது. இலண்டனில் இருந்த மச்சாள் தொலைபேசியில் சொன்னார்: அந்தக் குளிசை மார்பில் புற்றுநோய் தரும். ரீச்சர் மிச்சத்தை மலசலகூடத்தில் கொட்டினார்.

அந்த ஆய்வை இன்று நிதானமாகப் படித்தால் கோபம் வருகிறது. 2002இல் நிறுத்தப்பட்ட பகுதி, கருப்பை உள்ள 16,608 பெண்களுக்கு ஈஸ்திரசனையும் புரோஜெஸ்டினையும் சேர்த்துக் கொடுத்தது. சராசரி வயது 63. மார்புப் புற்றுநோய் 26 சதவீதம் கூடியது. இடுப்பு முறிவு 34 சதவீதம் குறைந்தது. கருப்பை இல்லாத 10,739 பெண்களுக்கு ஈஸ்திரசன் மட்டும் கொடுத்த பகுதி வேறு. அது பக்கவாதம் கூடியதால் 2004இல் நின்றது; ஆனால் அங்கே மார்புப் புற்றுநோய் கூடவில்லை, இடுப்பு முறிவு 39 சதவீதம் குறைந்தது. ரீச்சருக்குக் கருப்பையும் இல்லை, வயது 63உம் இல்லை. அவரைப் பயமுறுத்திய செய்தி அவரைப் பற்றியதே அல்ல. 45 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றுவிட்ட பெண்ணுக்கு, வேறு தடை இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயதுவரையாவது ஓமோன் கொடுப்பதே இன்று பொதுவான வழிகாட்டல்.

2017இல், 60 வயதில், கிணற்றடியில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தார். வலது மணிக்கட்டு. ஆறு வாரம் பிளாஸ்டர். பிறகு விறைப்புப் போகவென்று முறிவு நெரிவு வைத்தியரிடம் புக்கை கட்டினார். கை நன்றாக ஒட்டியது. கரும்பலகையில் எழுதிய அதே வடிவில் இன்றும் எழுதுகிறார். ஆனால் நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு ஏன் முறிந்தது என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்க ஸ்கேன்கூட வேண்டியதில்லை. ஆசியப் பெண்களுக்கென்று 2001இல் வெளியான ஒரு சிறு கணக்கு உண்டு: கிலோவில் எடையிலிருந்து வயதைக் கழித்து, 0.2ஆல் பெருக்குங்கள். விடை மைனஸ் 1க்குக் கீழே போனால் ஸ்கேனுக்கு அனுப்பலாம். மைனஸ் 4க்குக் கீழே போனால் ஆபத்து அதிகம். 2017இல் ரீச்சர் 47 கிலோ. 47இலிருந்து 60ஐக் கழித்தால் மைனஸ் 13. பெருக்கினால் மைனஸ் 2.6. 2024இல் 40 கிலோ, 66 வயது: மைனஸ் 5.2. கணக்குப் படிப்பித்த ரீச்சருக்கு இதைக் காட்டியபோது சிரித்தார். “ஏழாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு.”

ஆய்வு உலகம் நகர்ந்த திசையும் இதுவே. 1994இல் உலக சுகாதார நிறுவனம், ரி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை என்று ஒரு கோடு போட்டது. இளம் வெள்ளையினப் பெண்களின் அடர்த்தியோடு ஒப்பிட்டுப் போட்ட கோடு. அது உதவியது, கூடவே கண்ணையும் கட்டியது. முறிவுகளில் பெரும்பகுதி அந்தக் கோட்டை எட்டாத பெண்களிடமே நடக்கிறது, ஏனென்றால் அவர்களே எண்ணிக்கையில் அதிகம். 2008இல் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஃபிராக்ஸ் கணிப்பு அடர்த்தியோடு வயது, முன் முறிவு, பெற்றோரின் இடுப்பு முறிவு, ஸ்டெரொயிட் பாவனை போன்றவற்றைச் சேர்த்து அடுத்த பத்தாண்டு ஆபத்தைச் சொல்கிறது. இலங்கைக்கான கணிப்பும் அதில் உண்டு. காலியில் ருகுண மருத்துவ பீடத்தின் பேராசிரியர் சரத் லேகம்வசமும் அவரோடு சேர்ந்தவர்களும் நம் நாட்டுப் பெண்களின் எலும்பைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்திருக்கிறார்கள். இப்போது கவனம் இன்னும் குறுகி, ஒரு முறிவுக்குப் பின்வரும் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வந்திருக்கிறது. அடுத்த முறிவு அதிகம் வருவது அந்தக் காலத்தில்தான். 1999இல் கிளாஸ்கோவில் தொடங்கிய முறிவுத் தொடர்புச் சேவை செய்வது பெரிய விஞ்ஞானம் அல்ல. பிளாஸ்டர் போட வரும் ஐம்பது வயது தாண்டிய ஒவ்வொருவரையும் ஒரு தாதி பெயர் எழுதி, எலும்பைப் பார்க்க அனுப்புகிறார்.

சொல்லிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. நாம் முழங்கால் வலியையும் எலும்புத் தேய்மானம் என்கிறோம், இதையும் அப்படியே சொல்கிறோம். மூட்டுத் தேய்வு வலிக்கும், எலும்புப்புரை முறியும்வரை வலிக்காது. “எனக்குத் தேய்மானம் இருக்கிறது, கல்சியம் போடுகிறேன்” என்று வரும் பத்துப் பேரில் பலர் காட்டுவது முழங்காலைத்தான்.

என்ன கொடுப்பது

டெனோசுமாப்பை மறுபடி தொடங்கலாம். பல வைத்தியர்கள் அதையே செய்வார்கள், தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தப்பாமல் ஊசி என்ற அதே நிபந்தனைக்குள் இந்தத் தாயை மறுபடி கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை.

எலும்பைக் கட்டும் மருந்துகளின் காலம் இது. தென்னாபிரிக்காவின் ஆபிரிக்கானர் குடும்பங்கள் சிலவற்றில் எலும்பு அளவுக்கு மீறித் தடிக்கும் பரம்பரை நோய் ஒன்று உண்டு; அதன் காரணத்தைத் தேடிப்போனதில் கிடைத்த புரதமே ஸ்கிளெரோஸ்டின். அதைத் தடுக்கும் ரொமோசோசுமாப் 2019இல் அனுமதி பெற்றது. 2017இன் பரிசோதனையில், கடும் எலும்புப்புரை உள்ள 4,093 பெண்களில், ஓராண்டு இதைக் கொடுத்துப் பிறகு எலும்பரிப்பைத் தடுக்கும் அலென்ட்ரோனேட் கொடுத்தவர்களுக்கு, அலென்ட்ரோனேட் மட்டும் கொடுத்தவர்களைவிடப் புதிய முள்ளென்பு முறிவு 48 சதவீதம் குறைவு. முதலில் கட்டு, பிறகு காப்பாற்று என்ற வரிசை அங்கேதான் உறுதிப்பட்டது. ஆனால் அதே பரிசோதனையில் மாரடைப்பும் பக்கவாதமும் சற்றுக் கூடின. குருதி அழுத்தம் உள்ள ரீச்சருக்கு எனக்குத் துணிவில்லை, விலையும் அப்படி.

எலும்பு கட்டும் இன்னொரு ஊசியான டெரிபாரடைட்டை டெனோசுமாப்புக்குப் பின் தனியாகக் கொடுத்தால் இடுப்பெலும்பு சில காலம் இன்னும் குறைகிறது என்பதை 2015இன் ஓர் ஆய்வு காட்டியது. அதே இரண்டு மருந்து, வரிசையை மாற்றினால் நன்மை. நசுங்கிய எலும்புக்குள் சீமெந்து ஏற்றலாமா என்று மகள் கேட்டார். டெனோசுமாப் நிறுத்தத்தால் வந்த முறிவில் அதற்குப் பின் பக்கத்து எலும்புகள் முறிந்த அனுபவங்கள் பதிவாகியிருப்பதால் வேண்டாம் என்றேன்.

மிஞ்சியது எலும்பரிப்பைத் தடுக்கும் சோலெட்ரோனிக் அமிலம். ஆண்டுக்கு ஒரு முறை, 5 மில்லிகிராம், நாளத்தில் சேலைனாக. இது எலும்பிலேயே ஒட்டித் தங்கிவிடும். ஒரு திகதி தவறினாலும் மடை உடைக்காது. 2007இன் பெரிய பரிசோதனையில் முள்ளென்பு முறிவு 70 சதவீதமும் இடுப்பு முறிவு 41 சதவீதமும் குறைந்தன. சிறுநீரகம் தாங்க வேண்டும்: வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 35 மில்லிலீற்றருக்குக் குறையக்கூடாது. 40 கிலோ எடையும் 0.9 கிரியற்றினினும் வைத்துக் கணக்குப் போட்டால் 38 சொச்சம் வந்தது. இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன்.

இந்த மருந்து ஏற்றிய பின் பல் பிடுங்கினால் அரிதாகத் தாடையெலும்பு ஆறாமல் போகலாம் என்பதால், முதலில் பல் வைத்தியரிடம் அனுப்பினேன். ஆடிய ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி ஆறவிட்டோம். இணையாக மூன்று வாரம் விற்றமின் டி. 2022இல் 25,871 பேரில் நடந்த ஆய்வு நாளாந்தம் 2,000 அலகு விற்றமின் டி முறிவைக் குறைக்கவில்லை என்றது உண்மைதான். ஆனால் அது குறைபாட்டுக்காகத் தெரிந்தெடுத்த கூட்டம் அல்ல. குறைவோடு இந்த மருந்தை ஏற்றினால் குருதிக் கல்சியம் விழுந்துவிடும். 2024 மார்ச் முதல் வாரம் ஏற்றினோம். அன்றிரவு காய்ச்சலும் உடம்பு உளைவும். முதல் தடவை மூன்றில் ஒருவருக்கு வருவதுதான். பரசிற்றமோலோடு மூன்று நாளில் போயிற்று.

வீட்டில் ஈர்க்கு விளக்குமாற்றைப் பூட்டி வைக்கச் சொன்னேன். தினமும் காலையில் முற்றம் முழுக்கக் குனிந்து கூட்டுவது, நசுங்கிய முள்ளென்பின் முன்விளிம்பில் திரும்பத் திரும்பப் பாரம் வைப்பதாகும். தங்கை நீளத் தும்புத்தடி வாங்கி வந்தார். ரீச்சருக்கு அது பிடிக்கவில்லை. மண்ணில் கோடு விழவில்லையாம். படுக்கையிலிருந்து நேரே நிமிராமல், ஒருபக்கம் உருண்டு காலைத் தொங்கவிட்டு எழும்பவும் பழகினார். அவுஸ்திரேலியாவில் 2018இல் 101 பெண்களுக்கு வாரம் இரண்டு தடவை, அரை மணி நேரம், உண்மையான பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் இடுப்பு முள்ளென்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது, மெதுவான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. புதிய முறிவோடு ரீச்சருக்கு அது ஆகாது. இயன்மருத்துவர் முதுகை நிமிர்த்தும் பயிற்சியில் தொடங்கினார்.

உணவில் குரக்கன் கூழும் முள்ளோடு மெல்லும் நெத்தலியும் ஏற்கெனவே இருந்தன, வெள்ளியும் விரத நாளும் தவிர. ஒரு நாள் அவர் வீட்டுக் கேத்திலைப் பார்த்தேன். உள்ளே வெள்ளைப் படை. நம் சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும்போது படிவது கல்சியம் காபனேற்று. கல்சியக் குளிசையில் இருப்பதும் அதே உப்பு. கடையில் வாங்கும் வடிகட்டிய தண்ணீரில் அது பெரும்பாலும் இல்லை. இதைப் பெரிதாக்க வேண்டாம், கிணற்றுக்குக் கிணறு அளவு மாறும். ஆனால் கேத்திலைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் குளிசை வாங்க வருபவரைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரத்தான் செய்கிறது.

இப்போது

குருதியில் எலும்பரிப்பைக் காட்டும் குறியீட்டுக்கு ஆறாம் மாதம் மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பினோம், அடங்கியிருந்தது. 2025 மார்ச்சில் இரண்டாவது தடவை ஏற்றினோம். அதுவரை புதிய முறிவு இல்லை. உயரம் 147இலேயே நிற்கிறது, போனது திரும்பாது. நீண்ட நேரம் நின்றால் இன்னும் வலிக்கிறது என்கிறார், அதற்கு என்னிடம் நல்ல மறுமொழி இல்லை. ஸ்காபரோவில் குளிர்சாதனப்பெட்டியிலிருந்து பழைய அட்டையை எடுத்துவிட்டு, மகள் புதிய அட்டை ஒன்றை எழுதி ஒட்டியிருக்கிறார்: மருந்தின் பெயர், ஏற்றிய திகதி, அடுத்த திகதி, என் தொலைபேசி எண். அதன் படம் தங்கையின் கைத்தொலைபேசியிலும் இருக்கிறது.

அந்த மார்ச் நாளில், அக்காவுக்குச் சேலைன் இறங்கிக்கொண்டிருந்தபோது தங்கையிடம் ஓக்லாந்திலிருந்து சனவரியில் வெளியான ஆய்வைப் பற்றிச் சொன்னேன். 50 முதல் 60 வயதுவரையான 1,054 பெண்கள். இதே மருந்து தொடக்கத்தில் ஒரு தடவை, சிலருக்கு ஐந்தாம் ஆண்டில் இன்னொரு தடவை. பத்தாண்டு முடிவில் மருந்து இல்லாதவர்களில் 11.1 சதவீதத்தினருக்குப் புதிய முள்ளென்பு முறிவு. இரண்டு தடவை ஏற்றியவர்களில் 6.3, ஒரே தடவை ஏற்றியவர்களில் 6.6. பத்தாண்டுக்கு ஒரே ஒரு சேலைன். ஊர்விட்டு ஊர் போகிறவர்களுக்கு இதைவிடத் தோதான மருந்தை நான் கண்டதில்லை.

தங்கைக்கு 58 வயது. கொஞ்ச நேரம் சேலைன் துளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பையைக் கதிரையில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினார்.

“எவ்வளவு, தம்பி?”

“46.”

கட்டிலில் படுத்திருந்த ரீச்சர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “மைனஸ் இரண்டு தசம் நான்கு.”

ஸ்கேனுக்குக் கடிதம் எழுதினேன்.